சந்தனம் வைத்த சர்வர்

1

சிங்கப்பூருக்கு வந்து பதினெட்டு வருடம் முடிந்துவிட்டது. தேதி நினைவில் இல்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் விமானம் ஏறினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. விஜயதசமியன்று எதைத் தொடங்கினாலும் விளங்கும் என்று அப்பா அந்த நாளாகப் பார்த்து டிக்கெட் எடுத்திருந்தார். விளங்கியதா இல்லையா என்று நான் பெரிதாக யோசித்ததில்லை. இந்த வருட ஆயுத பூஜை யோசிக்க வைத்துவிட்டது.

ஊரில் யாராவது "அங்க என்ன வேலை பாக்குற?" என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது என் வழக்கம். அதன் பலனாக, போன முறை திருச்சி போயிருந்தபோது உறையூர் எதிர்வீட்டு அக்கா தன் மகனின் பிரிண்டரைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். எனக்குப் பிரிண்டர் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதை அவர் இன்றுவரை நம்பவில்லை. ஆகவே இந்த முறை ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது நம்மவர் நடத்தும் ஒரு கேட்டரிங் கம்பெனியில். சமையற்கூடமும் அலுவலகமும் கிளமெண்டியில். பலகாரக் கடை, லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில். யாருக்கு எத்தனை கிலோ முறுக்கு, எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்த மாமியாருக்கு வெங்காயம் பூண்டு ஆகாது, எல்லாம் கிளமெண்டியில் இருக்கும் ஒரு சர்வரில் பதிவாகும். அது தாய் சர்வர். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி படுத்துவிடக் கூடாது என்று தேக்கா கடையின் மாடியில் இன்னொரு சர்வர் வைத்திருக்கிறோம். அது நகல். தாய், தன்னிடம் நடப்பதையெல்லாம் வரி வரியாக ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். நகல் அந்த நாட்குறிப்பை இணைய இணைப்பு வழியாக வாங்கி, அதில் உள்ளபடியே தானும் செய்துகொள்ளும். கிளமெண்டியில் ஒருவர் அதிரசத்தை ரத்து செய்தால் அடுத்த விநாடி தேக்காவிலும் அதிரசம் ரத்து.

இதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர். அது நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதும், நடக்காதபோது ஏன் என்று கண்டுபிடிப்பதும் என் வேலை. என் திரையில் ஒரு பச்சை விளக்கு உண்டு. அதன் கீழே "பின்தங்கல்: 0 விநாடி" என்று இருக்கும். நகல் தாயைவிட எவ்வளவு பின்னால் இருக்கிறது என்ற கணக்கு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதலாளி "எப்படி இருக்கு?" என்பார். நான் "பூஜ்யம்" என்பேன். அவர் சந்தோஷமாகப் போய்விடுவார். வேலை இல்லாத பெண்மணிக்குச் சம்பளம் கொடுக்கிறோமோ என்ற சந்தேகம் அவருக்கு உண்டு. பூஜ்யம் வாங்கிப் பாராட்டுப் பெறுகிற ஒரே உத்தியோகம் என்னுடையதுதான்.

2

அப்பாவும் கிட்டத்தட்ட என் உத்தியோகம்தான் பார்த்தார். மின்சார இலாகாவில் ரீடிங் எடுப்பவர். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து அட்டையில் எண்ணை எழுத வேண்டும். வீடு பூட்டியிருந்தால் "டோர் லாக்" என்று குறித்துவிட்டு, போன முறை வந்ததையே போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். விதியே அதை அனுமதித்தது. அப்பா அனுமதிக்கவில்லை. சாயங்காலம் மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். "ஊர்ல இருக்கற மீட்டர் மேலெல்லாம் உங்களுக்கு என்ன அப்படி ஒரு காதல்?" என்று அம்மா கேட்பார். பார்க்காத எண்ணை எழுதினால் தனக்குச் சோறு இறங்காது என்பார் அப்பா. நிஜமாகவே இறங்காது; நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அப்பா உறையூர் வீட்டில் தனியாக இருக்கிறார். இங்கே அழைத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு முறை முயன்றேன். விண்ணப்பத்தில் என் அப்பாதான் என் அப்பா என்று நிரூபிக்கச் சொன்னார்கள். என் பிறப்புச் சான்றிதழில் அவர் சுப்ரமணியன், பாஸ்போர்ட்டில் சுப்பிரமணியம், ரேஷன் அட்டையில் சுப்பரமணி. மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து முடித்து அவர் வந்து சேர்ந்தபோது எனக்கு நரை கூடியிருந்தது. புக்கிட் பாத்தோக்கில் எங்கள் பதினோராவது மாடிக்கு வந்தவர் முதல் வேலையாக மீட்டரைத் தேடினார். எங்கள் புளோக்கில் மீட்டர்கள் எல்லாம் நடைபாதையில் ஒரு பூட்டிய கதவுக்குள் இருக்கின்றன.

"பூட்டி வச்சிருக்காங்களே, ரீடிங் எடுக்கறவன் என்ன பண்ணுவான்?" என்றார்.

"இங்க ரீடிங் தானா போயிடும்பா."

அந்த ஒரு பதிலோடு இந்த நாட்டின்மீது அவருக்கு இருந்த மரியாதை போய்விட்டது. மூன்றே வாரத்தில் ஊர் திரும்பிவிட்டார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ அழைப்பு. அதன் வசனம் எனக்கு மனப்பாடம்.

"எப்படி இருக்கீங்கப்பா?"

"நல்லா இருக்கேன் பாப்பா. நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ஆச்சு. வேற ஒண்ணுமில்ல. வச்சிரட்டுமா?"

எனக்கு நாற்பத்தாறு வயது. இன்னும் பாப்பாதான்.

வீட்டில் மிச்சம் இருப்பது நானும் மகள் யாழினியும். கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி நாள் அவர் ஏதோ ஒரு கடலில் ஒரு புள்ளி. யாழினிக்குப் பதினான்கு. பள்ளியில் வாய்மொழித் தேர்வுக்காகப் படித்த தமிழைத் தவிர வேறு தமிழ் அவளிடம் இல்லை. என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவாள். தாத்தாவிடம் மட்டும் செய்தி வாசிப்பாள். "வணக்கம் தாத்தா. தாங்கள் நலமாக உள்ளீர்களா? இங்கு வானிலை வெப்பமாக உள்ளது." அவரும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக "நலமாக உள்ளோம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு வரி முடிந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பெண் கைவிட்டுப் போகிறாள், தமிழும் போகிறது, தாத்தாவும் போகிறார் என்று நான் தோழிகளிடம் புலம்பியதற்கு அளவில்லை.

இந்த வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போவது என்று முடிவு செய்தேன். அம்மா போனபிறகு அந்த வீட்டில் தீபாவளியே நடக்கவில்லை. அப்பாவிடம் சொன்னபோது "வந்தா வா" என்றார். எங்கள் வீட்டில் அது ஆனந்தக் கூத்து.

முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். கிளமெண்டி தாய் சர்வரின் டிஸ்க் கொஞ்ச நாளாக முனகிக்கொண்டிருந்தது. தீபாவளிக் கூட்டத்தில் அது மண்டையைப் போட்டால் மானம் போய்விடும். ஆகவே அதற்கு முந்தைய சனிக்கிழமை தேக்கா நகலையே தாயாக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நான் விமானம் ஏறலாம். வேலை முடியாவிட்டால் லீவு கிடையாது. நான் சிரித்தேன். பின்தங்கல் பூஜ்யம். ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதானே!

3

வியாழக்கிழமை காலை, சும்மா சம்பிரதாயத்துக்கு, இரண்டு சர்வரிலும் உள்ள ஆர்டர்களை எண்ணிப் பார்த்தேன். மாப்பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரிந்த பிறகும் தாலி கட்டுவதற்கு முன் ஒரு முறை விசாரிப்போமே, அதுபோல.

எண்கள் ஒத்துப்போகவில்லை. நகலில் கடைசியாக இருந்த ஆர்டர் ஆயுத பூஜைக்கு ஐந்து கிலோ சுண்டல். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பத்து நாள். இந்தப் பத்து நாளில்தான் சிங்கப்பூர்த் தமிழர்களில் பாதிப் பேர் எங்களிடம் தீபாவளிப் பலகாரத்துக்குச் சொல்லியிருந்தார்கள். திரையைப் பார்த்தேன். பச்சை. பின்தங்கல்: 0 விநாடி.

சனிக்கிழமை அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் அத்தனை முறுக்கும் அதிரசமும் காற்றில் கரைந்திருக்கும். தீபாவளியன்று காலையில் கடை வாசலில் என்னைத் தேடி வருகிறவர்களின் வரிசையை நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, என்னைக் கேட்டுக்கொண்டு.

பூஜ்யம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் பழையவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் இது. எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். "எவ்வளவு பின்தங்கியிருக்கிறாய்?" என்று நகலைக் கேட்டால், அது தன் கைக்கு வந்து சேர்ந்த நாட்குறிப்பில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்றுதான் பார்க்கும். வந்த தபாலையெல்லாம் படித்துவிட்டேன், பாக்கி ஒன்றும் இல்லை, பூஜ்யம் என்று சொல்லும். தபால்காரரே பத்து நாளாக வரவில்லையே என்பதை அது சொல்லாது. கேட்டால்தானே?

அப்படியும் ஒரு காவல் உண்டு. இத்தனை நேரம் பேச்சுமூச்சு இல்லையென்றால் இணைப்பு அறுந்ததாக எடுத்துக்கொண்டு கத்து என்று நகலுக்குச் சொல்லி வைக்கலாம். அந்தக் காவலை யாரோ ஒரு மாதம் என்று மாற்றி வைத்திருந்தார்கள். யார் என்று பதிவேட்டில் பார்த்தேன். நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், தேக்கா இணைப்பு அடிக்கடி விக்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் கைப்பேசி அலறிக்கொண்டிருந்தது. தொல்லை பொறுக்காமல், நிம்மதியாகச் சாப்பிட வேண்டி, "கொஞ்சம் பொறுமையாக இரு" என்று நகலிடம் சொல்லியிருக்கிறேன். அது என் பேச்சைக் கேட்டுப் பொறுமையாக இருந்திருக்கிறது. என் வீட்டில் என் பேச்சை யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

4

தேக்கா கடையைப் பார்த்துக்கொள்பவர் காளியப்பன் அண்ணன். அவர் தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. நான் மூச்சிரைக்கப் படியேறுவதைப் பார்த்து, "என்னம்மா, ஏன் இப்படி ஓடி வர்ற? கீழ போய் தே ஓ ஒண்ணு குடிச்சிட்டு வா லா" என்றார். தே ஓ என்றால் இங்கே பால் விடாத டீ.

மாடியில் சர்வரைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். முன்பக்கம் மூன்று விரலால் பட்டையாகச் சந்தனம். நடுவில் குங்குமம். மேலே காய்ந்த சாமந்திச் சரம், காற்றுப் போகிற துளைகளை அடைத்துக்கொண்டு. பக்கத்துச் சுவரில் இணைப்பு வருகிற சின்னப் பெட்டி, அதற்கும் பொட்டு. அதன் வயருக்கும் ஒரு பொட்டு.

"அண்ணே, ஆயுத பூஜை அன்னிக்கு இதை யாராவது கழட்டினாங்களா?"

"யாராவது என்ன யாராவது? நான்தான் கழட்டினேன்" என்றார் பெருமையாக. "சின்னப் பெட்டிய எடுத்து, துடைச்சு, தராசு, கரண்டி, கத்தி கூட வரிசையா வச்சு, படையல் போட்டு சாமி கும்பிட்டாச்சு. மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பாத்துத் திருப்பி மாட்டிட்டேன். லைட்டுகூட எரியுது பாரு."

"ஒரு நாள் முழுக்க கழட்டியா வச்சிருந்தீங்க?"

"பூஜைல வச்சத அன்னிக்கே எடுத்து வேலை வாங்குவாங்களா? அதுவும் ஆயுதம்தானே லா. வருஷம் பூரா வேலை செய்யுது. ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா?"

"பெரிய பெட்டிய ஆஃப் பண்ணீங்களா?"

"சேச்சே! நீதான் தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கியே. அதத் தொடல. பொட்டு மட்டும் வச்சேன்."

பெரிய பெட்டியை அணைத்திருந்தால்கூடப் பிழைத்திருப்போம். எழுந்ததும் தானாகவே கிளமெண்டியைக் கூப்பிட்டிருக்கும். நடுவில் இருந்த சின்னப் பெட்டியை மட்டும் எடுத்ததால், இணைப்பு போனது இதற்குத் தெரியவே இல்லை. மறுமுனை ஏதோ யோசனையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, என் ஒரு மாதப் பொறுமையோடு, சந்தனம் பூசிக்கொண்டு காத்திருந்திருக்கிறது.

அவரைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அந்த நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? புக்கிட் பாத்தோக்கில் என் மடிக்கணினிக்குப் பொட்டு வைத்து, யாழினியின் பாடப் புத்தகங்கள்மேல் அடுக்கி, மறுநாள் வரை திறக்கக் கூடாது என்று அவளையும் மிரட்டிவைத்திருந்தேன். நானும்தான் ஆயுதத்துக்கு ஓய்வு கொடுத்தேன். ஆக, சர்வரும் ஓய்வில், அதைப் பார்க்க வேண்டியவளும் ஓய்வில்.

"ஏதாச்சும் பிரச்சினையா?" என்று காளியப்பன் அண்ணன் கேட்டார். முகம் மாறியிருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். தீபாவளி ஆர்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, கோயில் கமிட்டிக்கு ரெண்டாயிரம் லட்டு இருக்கும்மா" என்றார். பிறகு அவரே எழுந்து, சர்வரின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

5

தாய் சர்வர் நாட்குறிப்பை ஏழு நாள்தான் வைத்திருக்கும், பழையதை அழித்துவிடும். நாங்கள் விட்டது பத்து நாள். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முழுவதையும் புதிதாக நகலெடுக்க வேண்டும். தேக்காவின் விக்கல் இணைப்பில் அதை அனுப்பினால் பாதியில் நிற்கும். ஆகவே கிளமெண்டிக்குத் திரும்பி, மொத்த டேட்டாபேஸையும் ஒரு கையடக்க டிஸ்கில் ஏற்றி, அந்த இடத்தில் நாட்குறிப்பு எந்த வரியில் இருந்தது என்பதையும் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஊட்ரம் பார்க்கில் வேறு ரயில் மாறி ஏறியதும் ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்த விதம் அவருக்கு வேறு எதையோ உணர்த்தியிருக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் அந்தச் சந்தேகத்தை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தேன்.

தேக்காவில் டிஸ்கை மாட்டினேன். ஏற்றி முடிக்க நாலு மணி நேரம் என்றது திரை. யாழினி தைக்கக் கொடுத்திருந்த தீபாவளி ரவிக்கையை வாங்கப் பள்ளியிலிருந்து நேராக அங்கே வந்திருந்தாள். அவளை அழைத்துக்கொண்டு கீழே உணவு நிலையத்தில் உட்கார்ந்தேன். அவள் தோசை வாங்கப் போனாள். மேசையில் வைத்திருந்த அவள் கைப்பேசியைத் தட்டுக்கு இடம் விட நகர்த்தப் போக, என் விரல் எங்கோ பட்டு ஒரு குரல் பதிவு ஓட ஆரம்பித்தது. அப்பாவின் குரல்.

"யாழினி, மருத்துவர் இன்று பார்த்தார். மாவுக்கட்டை இன்னும் மூன்று வாரம் கழித்துத்தான் பிரிக்க இயலும் என்று கூறினார். அம்மாவிடம் கூற வேண்டாம்."

என் அப்பா. செய்தி வாசிக்கும் தமிழில்.

யாழினி தோசையோடு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை மெதுவாக வைத்தாள்.

"அம்மா, டோன்ட் பேனிக்."

"என்ன மாவுக்கட்டு?"

"தாத்தா ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தாங்க. லெஃப்ட் ஹேண்ட். ஒன்லி தி ரிஸ்ட். ஹி இஸ் ஓகே லா."

"எப்போ?"

"டூ வீக்ஸ்."

இரண்டு வாரம். இரண்டு ஞாயிறு. எப்படி இருக்கீங்கப்பா, நல்லா இருக்கேன் பாப்பா. கழுத்துக்கு மேலே மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். நான் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அந்த உணவு நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசையில் மீன்தலைக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உனக்கு மட்டும் எப்படிச் சொன்னார்?" அழுகையைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

"நாங்க டெய்லி மெசேஜ் பண்ணுவோம். ஓரல் பிராக்டிஸ்க்கு ஸ்டார்ட் பண்ணோம், தென் வி ஜஸ்ட் கன்டின்யூட்."

"தினமுமா? என்ன பேசுவீங்க?"

அவள் தோசையைப் பிய்த்தாள். "தாத்தா உங்களைப் பத்தித்தான் கேப்பாங்க. அம்மா டைமுக்குச் சாப்பிட்டாங்களா, ஆபீஸ்ல ஸ்ட்ரெஸ்ஸா, தலைவலி இருக்கான்னு. நான் அப்டேட் குடுப்பேன்."

மூடிய கதவுக்குப் பின்னால் இதுதான் நடந்திருக்கிறது. நான் கண்காணிப்பதாக நினைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து நான்தான் கண்காணிக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். போய்விட்டாள் போய்விட்டாள் என்று நான் ஊரெல்லாம் புலம்பிய பெண்ணிடம் எல்லாச் செய்தியும் அந்தந்த நாளே சேர்ந்திருந்தது.

அங்கேயே அப்பாவைக் கூப்பிட்டேன். கத்தினேன். முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீ கேக்கலையே பாப்பா. சாப்பிட்டீங்களான்னு கேட்ட. சாப்பிட்டேன்னு சொன்னேன். கை எப்படி இருக்குன்னு கேட்டியா?"

நகல் சர்வரும் அன்று காலை இதையேதான் சொன்னது.

6

இந்த நோய்க்கு எங்கள் தொழிலில் மருந்து உண்டு. இதயத்துடிப்பு என்போம். தாய் சர்வரில் ஒரு சின்ன அட்டவணை வைத்து, அதில் ஒவ்வொரு விநாடியும் அந்த விநாடியின் நேரத்தை எழுத வைப்பது. அந்த எழுத்தும் மற்றவற்றோடு நகலுக்குப் போகும். நகலில் கடைசியாக வந்த நேரம் என்ன, இப்போது நேரம் என்ன என்று பார்த்தால் போதும். "நன்றாக இருக்கிறாயா?" என்று கேட்கவே வேண்டாம். அன்று மாலை தேக்காவில் உட்கார்ந்து அதைச் செய்தேன். என் ஒரு மாதப் பொறுமையையும் அரை நிமிடமாகக் குறைத்தேன்.

அப்பாவுக்கும் ஒன்று வைத்தேன். தினமும் காலையில் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். தேதி பெரிதாகத் தெரிய வேண்டும். "இது என்ன, போலீஸ் ஸ்டேஷன்ல தினம் கையெழுத்து போடற மாதிரி?" என்று முனகினார். ஆனால் வெள்ளிக்கிழமை காலை வெள்ளிக்கிழமைத் தாள் வந்தது.

சனிக்கிழமை பொத்தானை அழுத்தினேன். கிளமெண்டியில் நின்றது, தேக்காவில் எழுந்தது. எண்ணிப் பார்த்தோம், ஒரு சீடைகூடக் குறையவில்லை. கோயில் கமிட்டியின் ரெண்டாயிரம் லட்டும் பத்திரம் என்று சொன்னதும் காளியப்பன் அண்ணன் கீழே போய் எனக்கு ஒரு கிலோ மைசூர்பாகு கட்டிக்கொண்டு வந்தார்.

மிச்சம் இருந்தது படிவம். சிங்கப்பூரில் ஒரு தவறு நடந்தால் அதைத் திருத்துவதற்கு ஒரு நாள், படிவம் நிரப்புவதற்கு மூன்று நாள். எங்கள் கம்பெனியின் தரத்தைச் சோதிக்கிற வெளி நிறுவனத்துக்கு அது போக வேண்டும். மூல காரணம் என்ற இடத்தில் ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: வன்பொருள், மென்பொருள், நெட்வொர்க், மனிதத் தவறு, மற்றவை. சந்தனம் என்று ஒன்று இல்லை. "மற்றவை" போட்டு, "வருடாந்தர வழிபாடு" என்று விளக்கம் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் அங்கிருந்து ஒரு பெண்மணி பதில் போட்டார். மறுபடி நிகழ வாய்ப்பு உள்ளதா? உண்டு, அடுத்த வருடம் நவமியன்று, என்று எழுதினேன். தடுக்க எடுத்த நடவடிக்கை? காளியப்பன் அண்ணனைக் கேட்டேன். "அடுத்த வருஷம் பெட்டிய எடுக்க மாட்டேன். அது இருக்கற எடத்துக்கு சாமிய எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். அதையும் எழுதினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அனுப்பியபிறகு மனம் உறுத்தியது. திரும்பத் திறந்து "மனிதத் தவறு" என்று மாற்றி, என் பெயரைப் போட்டேன். பொட்டு வைத்தவர்மேல் பழி போட்டுவிட்டு ஊருக்குப் போய்த் தீபாவளி கொண்டாட முடியாது.

7

ஞாயிறு காலை விமான நிலையத்தில் யாழினி என் கைப்பேசியை வாங்கி, அப்பா அனுப்பிய மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, லுக். அந்தக் காபி டம்ளர்."

மூன்று படத்திலும் தாளுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் இருந்தது. மூன்றிலும் காபி அதே அளவு. ஆடைகூட அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உறையூர் வீட்டில் நுழைந்ததும் நான் அப்பாவின் கையைக்கூடப் பார்க்கவில்லை, நேராகச் சுவரைப் பார்த்தேன். காலண்டரில் மாதம் முடிந்துபோயிருந்தது. தீபாவளிகூடக் கிழிக்கப்பட்டு, மற்ற நாள்களோடு மேசைமேல் ஒரு வெயிட்டுக்கு அடியில் அடுக்கியிருந்தது.

"ஒத்தக் கையால தாளக் கிழிச்சு, அதே கையால போட்டோவும் எடுக்க முடியுமா?" என்று அப்பா மாவுக்கட்டை உயர்த்திக் காட்டினார். "எதிர்வீட்டுப் பொண்ணு வெள்ளிக்கெழம காலைல சாப்பாடு கொண்டாந்துச்சு. அதை விட்டே மொத்தமா எடுத்துட்டேன். தினம் ஒண்ணா அனுப்பினேன். இதுல என்ன தப்பு?"

முப்பது வருடம் பார்க்காத எண்ணை எழுதாத மனிதர். ஊரார் மீட்டருக்கு ஒரு நியாயம், பெற்ற மகளுக்கு ஒரு நியாயம். நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல், நடுவில் அவர் தோளில் சாய்ந்து கொஞ்சம் அழுதும்விட்டேன். அவர் நல்ல கையால் என் தலையைத் தட்டி, "சாப்பிட்டியா பாப்பா?" என்றார்.

தீபாவளி நன்றாகவே நடந்தது. யாழினி மத்தாப்பு கொளுத்தி, "இது மிகவும் அழகாக உள்ளது தாத்தா" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அறிவித்தாள். கிளம்புகிற நாளில் நான் ஒரு புது ஒப்பந்தம் போட்டேன். காலண்டர் வேண்டாம். வாசலில் இருக்கிற மின்சார மீட்டர். தினமும் காலையில் அதன் எண். அதை முன்கூட்டி எடுத்து வைக்க முடியாது. பார்க்காத எண்ணை அனுப்ப அப்பாவாலும் முடியாது. மீட்டர் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தன மணிக்கு வேணும்?" என்றார்.

இப்போது காலை ஏழரைக்கு, அவருக்கு விடிந்தும் விடியாத நேரத்தில், படம் வந்துவிடுகிறது. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நான் பேருந்தில் உட்கார்ந்து முந்தைய நாள் எண்ணைக் கழித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் திடீரென்று கூடியிருந்தது. அப்பா கிரைண்டர் போட்டிருக்கிறார், அப்படியென்றால் கட்டுப் பிரித்தாகிவிட்டது, கை வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டேன். அந்த ஞாயிறு அவர் வாயிலிருந்து வந்தது வழக்கமான "நல்லா இருக்கேன்" மட்டும்தான்.

ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் வேண்டும், உன் ரீடிங்கையும் அனுப்பு என்று கேட்டார். எங்கள் மாடியில் மீட்டர் பூட்டிய கதவுக்குள் இருக்கிறதே என்றேன்.

"தெரியும், டோர் லாக்" என்றார். "அதான் ஆள் வச்சிருக்கேன்."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது யாழினியின் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கிறது:

"வணக்கம் தாத்தா. அம்மா இன்று இரண்டு முறை கத்தினார். ஒரு முறை சிரித்தார். மதிய உணவு உண்ணவில்லை. மற்றபடி நலமாக உள்ளார்."